வெளிநாட்டு பையர்களோடு (நம்மிடம் சரக்கு வாங்குகிறவர்களோடு) வேலை செய்யக் கற்றுக்கொள்வது எப்படி? திருப்பூர் மெர்ச்சண்டைசிங்கில் புதுசு

தாராபுரத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இந்த வருஷம்தான் மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவளாக, சேர்ந்தேன். படித்தது டெக்ஸ்டைல் என்பதால் துணி, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை), லேப் டிப் (பையர் ஒப்புதலுக்கு அனுப்பும் சாய மாதிரி), சாம்பிள் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. பையர்கள்தான் இன்னும் பிடிபடவில்லை.

என் கையில் ஒரு ஜெர்மன் அக்கவுண்ட், குழந்தைகள் உடைக்கு ஒரு ஜப்பான் அக்கவுண்ட், அப்புறம் ஒரு அமெரிக்க அக்கவுண்டில் பாதி வேலை. மூன்றும் மூன்று விதம். ஜெர்மன்காரர் ஒரே வரியில் மெயில் போடுவார், முன்னால் வணக்கம்கூட இருக்காது, படித்தால் திட்டுகிற மாதிரியே இருக்கும். ஜப்பான் பக்கம் அவ்வளவு மரியாதை, ஆனால் ஒரு முடிவு வருவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது, ஒரே கேள்வியை நாலு பேர் தனித்தனியாகக் கேட்கிறார்கள். அமெரிக்கர் போனில் சொந்தக்காரர் மாதிரி பேசுகிறார், வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்கிறார், மறுநாள் பணம் பிடிக்கிற டெபிட் நோட் வந்து நிற்கிறது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. சாயப்பட்டறையிலிருந்து வந்த ஒரு லாட்டில் ஷேடு மாறிவிட்டது, ரீ-டையிங் போகவேண்டும், டெலிவரி பத்து நாளாவது தள்ளும் என்று ஆபீஸில் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் பையர் கேட்டால் 'ஆன் டைம்' என்று போடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நான் சின்னவள், புதியவள், மேலே இருப்பவர்களை எதிர்த்து என்ன சொல்வது?

ஹெச்ஆரில் 'கிராஸ் கல்ச்சுரல்' பயிற்சி, வேறு பண்பாட்டுக்காரர்களோடு பழகுவது எப்படி என்று ஒரு ஆன்லைன் வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். பாடத்திட்டத்தைப் பார்த்தேன். கை குலுக்குவது, விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுப்பது, சாப்பாட்டு மேஜையில் எப்படி உட்காருவது என்று போகிறது. கடைசியில் 'உலகக் குடிமக்களாக இருப்பது' என்று ஒரு தலைப்பு. அதற்கும் என் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. இதெல்லாம் உபயோகமா? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

அவினாசி_ரோடு:

தங்கச்சி, அந்த வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ குழப்பம் என்று கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதுதான் முதல் பாடம். வெளிநாட்டுக்காரர்களோடு தொழில் செய்ய வேண்டுமென்றால், கெட்ட செய்தியை எப்போது, எப்படிச் சொல்வது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் பார்த்ததை வைத்து இதை அடித்துச் சொல்வேன்.

நம் பக்கம் கெட்ட செய்தி எப்படிப் போகும் என்று யோசித்துப் பார். டையிங் மாஸ்டருக்கு முதல் நாளே தெரியும். அவர் 'கொஞ்சம் ஷேடு தூக்கலா இருக்குங்க' என்று ஃபேப்ரிக் மேனேஜரிடம் சொல்வார். அவர் 'சின்ன பிரச்சனை, சரி பண்ணிடலாம்' என்று ப்ரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொல்வார். அவர் முதலாளியிடம் போகும்போது எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றாகிவிடும். இதில் யாருமே பொய் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. மேலே இருப்பவர் மனசு கஷ்டப்படக் கூடாது, நேரம் பார்த்துச் சொல்லலாம் என்பது நம் வளர்ப்பில் இருக்கிற மரியாதை. வீட்டில் அது நல்ல குணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கப்பல் ஏறுகிற சரக்கு நமக்காகக் காத்திருக்காது.

ஜெர்மன் ஆர்டரில் டெலிவரியைத் தேதியாகப் போடாமல் வருஷத்தின் இத்தனையாவது வாரம் என்று போட்டிருப்பார்கள், 32ஆம் வாரம், 36ஆம் வாரம் என்று. அந்த வாரத்துக்கு ஹம்பர்க் துறைமுகத்திலிருந்து வண்டி, கோடவுனில் இடம், கடையில் ரேக், விளம்பரத் தாளில் படம் எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். பத்து நாள் தாமதத்தை ஒரு மாதம் முன்னால் சொன்னால் அவர் அடுத்த வார விளம்பரத்துக்கு மாற்றிக்கொள்வார், பாதியை முதலில் அனுப்பு என்பார், ஏதோ ஒரு வழி இருக்கும். தூத்துக்குடியில் கண்டெய்னர் கட்டவேண்டிய வாரத்தில் சொன்னால் ஒரே வழி ஏர் ஷிப்மென்ட், அதுவும் நம் செலவில். அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் விமானத்தில் போய்விடும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போக ஆரம்பித்தார்களே, கூடுதலாகப் பத்து நாள், இரண்டு வாரம் ஆனது. அந்தச் சமயத்தில் முன்கூட்டியே வாய் திறந்த கம்பெனிகள் எப்படியோ தப்பித்தன. 'பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தவர்கள் ஏர் ஃபிரெய்ட் கட்டினார்கள்.

அவர் ஒரு வரி மெயில் போடுவதைத் திட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு நாளில் அப்படி நூறு மெயில் போடுகிறவர் அவர். நீயும் அதே மாதிரி நேராக எழுது: எந்த ஸ்டைல், எந்தக் கலர், எத்தனை பீஸ், என்ன ஆனது, எத்தனை நாள் தள்ளும், நாங்கள் தரக்கூடிய இரண்டு வழி, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். மன்னிப்பு ஒரு வரி போதும். மூன்று பத்தி மன்னிப்பு கேட்டுவிட்டு நாலாவது பத்தியில் விஷயத்தை ஒளித்துவைத்தால் அவருக்குக் கோபம்தான் வரும்.

முதலாளியை எதிர்க்க வேண்டாம். ஒரு தாளில் இரண்டு தொகை எழுதிக் கொண்டுபோ: இன்று சொன்னால் வரக்கூடிய டிஸ்கவுண்ட் இவ்வளவு, கப்பல் வாரத்தில் சொன்னால் ஏர் செலவு இவ்வளவு. நம் ஊர் முதலாளிகள் கணக்குக்குக் காது கொடுப்பார்கள்.

சீசன்_காலண்டர்:

அண்ணன் சொன்னதோடு சின்னச் சின்ன விஷயங்கள் சில, ஆனால் பணம் போவது இதில்தான். அமெரிக்காவில் 05/08 என்றால் மே 8, ஐரோப்பாவில் ஆகஸ்ட் 5. மெயிலில் மாதத்தை எழுத்தால் எழுதிப் பழகுங்கள். அமெரிக்க டெக் பேக் (உடையின் அளவுகள், விவரங்கள் உள்ள தாள்) அங்குலத்தில் வரும், அதிலும் எட்டில் ஒரு பாகம், பதினாறில் ஒரு பாகம் என்று. ஐரோப்பியக் குழந்தைகள் சைஸ் 98, 104, 110 என்று உயரத்தில் ஆறு ஆறு சென்டிமீட்டராக ஏறும், ஜப்பானில் 100, 110, 120 என்று பத்துப் பத்தாக. ஆஸ்திரேலியாவுக்குக் கோடை டிசம்பரில்.

ஆகஸ்ட் வந்தால் இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸில் ஆபீஸில் ஆளே இருக்க மாட்டார்கள், அப்ரூவல் எல்லாம் ஜூலைக்குள் வாங்கிவிட வேண்டும். ஜப்பானில் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தில் ஒரு நீண்ட விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் இன்னொன்று. ஜிப், பட்டன் சீனாவிலிருந்து வருவதென்றால் சீனப் புத்தாண்டுக்கு முன்னாலேயே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்கிற நாம் ஒன்றை மட்டும் செய்வதில்லை, நம் விடுமுறையை அவர்களுக்குச் சொல்வதில்லை. தீபாவளிக்குத் திருப்பூர் எப்படிக் காலியாகும் என்று ஸ்டாக்ஹோமில் இருக்கிறவருக்கு யார் சொல்வது? வருஷ ஆரம்பத்திலேயே ஒரு பட்டியல் அனுப்புங்கள். தீபாவளி முடிந்து நம் தையல்காரர்கள் திரும்பும்போது பீகார் ஆட்கள் சத் பூஜைக்கு ஊரில் இருப்பார்கள், அதுவும் அந்தப் பட்டியலில் வரவேண்டும்.

நீடில்_டிடெக்டர்:

ஜப்பான் அக்கவுண்ட் பற்றி நான் சொல்கிறேன். பையர்களுக்காக இங்கே ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு பையிங் ஆபீஸில் க்யூஏவில் (தரச் சோதனையில்) இருக்கிறேன், ஜப்பான் ஆர்டர்களோடு நிறைய நாள் குப்பை கொட்டியிருக்கிறேன்.

நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்பது உங்களை நம்பாததால் இல்லை. அங்கே பல கம்பெனிகளில் ஒரு முடிவு எடுக்குமுன் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி, ஆட்சேபம் இருந்தால் அங்கேயே தீர்த்துவிட்டு, பிறகு தாள் ஒவ்வொரு மேஜையாகப் போய் முத்திரை வாங்கி வரும். மீட்டிங்கில் உட்காரும்போது முடிவு ஏற்கெனவே ஆகியிருக்கும். அந்த நாலு பேரும் அந்தத் தாளில் முத்திரை போடவேண்டியவர்கள். அவர்கள் நாலு பேருக்கும் ஒரே பதில், ஒரே எண், ஒரே போட்டோ போகவேண்டும். ஒருவரிடம் ஜிஎஸ்எம் 180 என்றும் இன்னொருவரிடம் 175லிருந்து 185க்குள் என்றும் சொன்னால் திரும்ப முதல் மேஜையிலிருந்து ஆரம்பிக்கும். தாமதம் என்று சலித்துக்கொள்ளாதீர்கள், முடிவு வந்துவிட்டால் அது அனேகமாக மாறாது. ஐரோப்பிய ஆர்டரில் பாதி வழியில் ஆர்ட்வொர்க் மாறி நாம் படுகிற பாடு அங்கே குறைவு.

குழந்தைகள் உடை என்பதால் இன்னும் இரண்டு விஷயம். உடைந்த ஊசிக்கு அவர்கள் ஏன் உயிரை விடுகிறார்கள் என்று நம் லைன் சூப்பர்வைசர்களுக்குப் புரிவதில்லை. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டவேண்டும், ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த பண்டில் முழுவதையும் பிரித்து வைக்கவேண்டும், பேக்கிங்குக்கு முன் ஒவ்வொரு பீஸும் ஊசித் துண்டைக் கண்டுபிடிக்கிற டிடெக்டரில் போகவேண்டும். ஜப்பானில் 1995 முதல் தயாரிப்புப் பொறுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பொருளில் குறை இருந்து அதனால் ஒருவருக்குக் காயம் என்றால், தயாரிப்பாளரின் அலட்சியத்தை நிரூபிக்காமலேயே இழப்பீடு கேட்கலாம். இறக்குமதி செய்தவரும் அந்தப் பொறுப்பில் வருவார். ஃபார்மால்டிஹைடும் அப்படித்தான், தோலை உறுத்தக்கூடிய ரசாயனம் அது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடைக்கு அங்கே வரம்பு கிட்டத்தட்ட இல்லவே கூடாது என்கிற அளவு. பக்கத்தில் அடுக்கிய வேறு துணியிலிருந்தோ அட்டைப்பெட்டியிலிருந்தோகூட அது ஏறிவிடும் என்பதால்தான் டெஸ்ட் சாம்பிளை உடனே பையில் போட்டு சீல் வைக்கச் சொல்கிறார்கள். இந்தக் காரணத்தை லைனில் இருக்கிற அக்காவிடம் ஒரு முறை விளக்கிச் சொன்னோம், அதன் பிறகு ரிஜிஸ்டரை அவரே கேட்டு வாங்கி எழுதுகிறார். பையர் சொன்னார், செய் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அப்படி நடந்ததே இல்லை.

தவறு நடந்தால் மன்னிப்புக் கடிதத்தோடு நிறுத்தாதீர்கள். ஏன் நடந்தது, அது ஏன், அதற்குக் காரணம் என்ன என்று தோண்டி, இனி நடக்காமல் இருக்க என்ன மாற்றினீர்கள் என்று போட்டோவோடு அனுப்புங்கள். ஆபரேட்டர் கவனக்குறைவு என்று எழுதினால் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது.

ஹம்பர்க்கில்_ஒருவன்:

கோயம்புத்தூர்க்காரன், இப்போது ஹம்பர்க்கில் ஒரு உடை நிறுவனத்தின் சோர்சிங் (சரக்கு கொள்முதல்) பிரிவில் வேலை. மேலே எழுதியவர்கள் நல்லபடியாக எழுதிவிட்டார்கள், எனக்கு ஒரு எச்சரிக்கையும் ஒரு வேண்டுகோளும்.

ஜெர்மன்காரர் இப்படி, ஜப்பான்காரர் அப்படி என்று மனதில் பலகை மாட்டிக்கொள்ளாதீர்கள். என் டீமில் அப்பா அம்மா துருக்கியிலிருந்து வந்த ஒருவர், போலந்துக்காரர் ஒருவர், வியட்நாமிய வம்சாவளிப் பெண் ஒருவர், மேலாளர் நெதர்லாந்துக்காரர். 'ஜெர்மன் பையர்' என்று நீங்கள் நினைத்து மெயில் போடுவது இவர்களில் யாருக்கு? பயிற்சி வகுப்புகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் மதிப்பெண் போட்டு ஒரு வரைபடம் காட்டுவார்கள். அதில் மிகப் பிரபலமானதன் மூலம், 1970 வாக்கில் ஐபிஎம் என்ற ஒரே கம்பெனியின் ஊழியர்களிடம் எடுத்த ஆய்வு. ஆரம்பத்தில் கொஞ்சம் வெளிச்சம் தரும், அதற்கு மேல் அதை வைத்து ஒரு மனுஷரை எடைபோடாதீர்கள். முதல் போன் காலில் நேரடியாகவே கேட்டுவிடலாம்: பிரச்சனை வந்தால் உங்களுக்கு மெயில் வேண்டுமா, போன் வேண்டுமா, எத்தனை நாள் தாமதம் என்றால் உடனே தெரியவேண்டும்? இதைக் கேட்கிற சப்ளையர்கள் மிகக் குறைவு, கேட்டவரை நாங்கள் மறப்பதில்லை.

வேண்டுகோள் இதுதான். எங்கள் பக்கத் தவறையும் தயவுசெய்து எழுதுங்கள். லேப் டிப் அப்ரூவலை நாங்கள் ஒன்பது நாள் தாமதமாகக் கொடுத்துவிட்டு ஷிப்மென்ட் தேதியை மாற்றாமல் வைத்திருப்போம். நீங்கள் 'நோட்டட், வித் தேங்க்ஸ்' என்று போட்டுவிட்டு ராத்திரி பதினோரு மணி வரை லைனை ஓட்டுவீர்கள். இங்கே ஒருவருக்கும் அது தெரியாது, தெரியாது என்பதை வசதியாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அப்ரூவல் இந்தத் தேதி வரவேண்டியது, இந்தத் தேதி வந்தது, ஆகவே ஷிப்மென்ட் இத்தனை நாள் தள்ளும் என்று அமைதியாக, தேதி போட்டு எழுதினால் இங்கே யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உலகக் குடிமக்கள் என்ற தலைப்புக்கும் உங்கள் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். 2020 மார்ச், ஏப்ரலில் ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகள் தைத்து முடித்த சரக்கைக்கூட வேண்டாம் என்றன. பங்களாதேஷில் மட்டும் சுமார் 300 கோடி டாலர் ஆர்டர்கள் ரத்தாகின அல்லது நிறுத்தப்பட்டன என்று அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் சொன்னது. கையெழுத்துப் போட்டவர் இங்கே ஒரு மேஜையில், சம்பளம் இல்லாமல் போனவர் அங்கே. அந்தச் சங்கிலியில் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஆள் மெர்ச்சண்டைசர்தான். ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் சப்ளை செயின் சட்டம் வந்தது, சரக்கு வருகிற இடங்களில் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று நிறுவனங்கள் பார்க்கவேண்டும் என்கிற சட்டம். முதலில் குறைந்தது 3,000 ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு, 2024இல் 1,000 வரை இறங்கியது. உங்களுக்கு வருகிற நீளமான கேள்விப் படிவங்களுக்குப் பின்னால் அந்தச் சட்டமும் இருக்கிறது. அதைக் கடமைக்கு நிரப்பி அனுப்பாமல், உண்மையான ஓவர்டைம் நிலவரத்தை எழுதினால்தான் எங்களில் சிலர் உள்ளே அதை வைத்துச் சண்டை போட முடியும்.

ஜாப்_ஒர்க்_யூனிட்:

எல்லோரும் உண்மையைச் சொல், உண்மையைச் சொல் என்கிறீர்கள். எக்ஸ்போர்ட்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்து, சனிக்கிழமை சம்பளம் போடவேண்டியவன் பக்கத்தையும் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கு மீதான வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது பையர்கள் முதலில் கேட்டது டிஸ்கவுண்ட். எக்ஸ்போர்ட்டர் அதை எங்களிடம் தள்ளினார், பீஸுக்குத் தையல் கூலியைக் குறைத்தார். நாங்கள் யாரிடம் தள்ளுவது? தாமதம் என்று முதலில் சொன்னவனிடமிருந்து ஆர்டரைப் பிடுங்கிப் பக்கத்து யூனிட்டுக்குத் தூக்கிக் கொடுத்ததையும் இதே ஊரில் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் உட்கார்ந்து தைரியமாக எழுது என்று சொல்வது சுலபம் சார்.

அவினாசி_ரோடு:

நீங்க சொல்றது நிஜம்ங்க, மறுக்கவில்லை. சொன்னால் எப்போதும் நல்லதே நடக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். சொல்லாமல் வைத்ததற்கு இந்த ஊர் கொடுத்த விலையை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு போனது, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயிகள் நிலம் கெட்டது, வருஷக்கணக்கில் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் பல வெளிநாட்டு பையர்களுக்கு நம் சாயத்தின் உண்மையான செலவே தெரிந்தது, அதற்குள் ஆர்டர்கள் வேறு ஊர், வேறு நாடு என்று போய்விட்டன. அப்புறம் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிற முறைக்கு வந்தோம். அதற்கு மின்சாரம், தண்ணீரை வடிகட்டுகிற மெம்பரேன், உப்பு, கடன் வட்டி என்று ஒரு கிலோ துணிக்குக் கூடுதல் செலவு இருக்கிறது. அதை இன்றுவரை எத்தனை பேர் கொட்டேஷனில் தனி வரியாகக் காட்டுகிறோம்? ஐரோப்பாவில் இருப்பவருக்கு அது தானாகத் தெரியாது. மலிவாகக் கொடுக்கிற வேறு ஊரில் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றாது. நாம்தான் தண்ணீர்க் கணக்கோடு சொல்லவேண்டும்.

தாராபுரத்துக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. ஜாப் ஒர்க் அண்ணன் சொன்னது மனசைக் கஷ்டப்படுத்துகிறது, எங்கள் கம்பெனியும் அப்படி வெளியே கொடுக்கிறது.

இன்னொன்று கேட்கலாமா? அடுத்த மாதம் சோஷியல் ஆடிட் வருகிறது, தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று பையர்களுக்காக வந்து பார்க்கிற ஆய்வு. ஓவர்டைம் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்லவேண்டும் என்று லைனில் இருக்கிற பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். 'வெளிநாட்டுக்காரங்களுக்கு நம்ம ஊர் நிலைமை புரியாது, அதனாலதான்' என்கிறார்கள். அது ஒரு வகையில் உண்மைதானோ என்றும் தோன்றுகிறது. சீசனில் ஓவர்டைம் வேண்டும் என்று கேட்டு வாங்குகிற அக்காக்களும் இருக்கிறார்கள்.

செக்கிங்_டேபிள்:

அம்மா, அதை மட்டும் செய்யாதே. நான் செக்கிங்கில் வேலை பார்த்தவள், இப்போது தொழிலாளர் அமைப்பில் இருக்கிறேன். ஆடிட்டுக்கு முந்தின நாள் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பதில் சொல்லிக்கொடுப்பார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்வோம், ஏனென்றால் அடுத்த வாரம் வேலை வேண்டும். எங்கள் வாயிலேயே எங்களுக்கு எதிராகப் பேசவைப்பது அது.

ஓவர்டைம் வேண்டும் என்று அக்காக்கள் கேட்பது உண்மை. ஏன் கேட்கிறார்கள் என்று பார். எட்டு மணி நேரச் சம்பளத்தில் வாடகை, பிள்ளைகள் ஃபீஸ், குழுக்கடன் அடைபடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது நம் நாட்டுச் சட்டமே, ஜெர்மன்காரர் கொண்டுவந்தது இல்லை. அந்த இரட்டை கிடைக்கிறதா என்று ஆடிட்டர் கேட்டால் அதில் நம் ஊர் நிலைமை புரியாமல் போக என்ன இருக்கிறது?

2013 ஏப்ரல் 24 டாக்காவுக்குப் பக்கத்தில் சாவாரில் தையல் ஃபேக்டரிகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே தைக்கிற பெண்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள், ஷிப்மென்ட் நெருக்கடி. அந்தக் கட்டிடத்தில் இருந்த சில ஃபேக்டரிகளில் அதற்கு முன் ஆடிட்டும் நடந்திருக்கிறது. விரிசலைப் பார்த்தவர்கள் பேசியும் கேட்க ஆள் இல்லை. அவினாசி ரோடு அண்ணன் கெட்ட செய்தி மேலே போகாது என்று எழுதினார், அது ஷேடு விஷயத்தில் பத்து நாள் நஷ்டம், எங்கள் விஷயத்தில் உயிர்.

நம் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கார்மெண்ட் தொழிலாளி, சின்னப் பெண், கொல்லப்பட்டார், சூப்பர்வைசர் கைதானார். அதன் பிறகு 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தலித் பெண்கள் தலைமையில் உள்ள தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும், கம்பெனியும், வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டது அது. தையல் தளத்திலேயே தொழிலாளர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தொந்தரவு என்றால் அவர்கள் மூலம் புகார் போகவும், அதன் மேல் நடவடிக்கை எடுக்கவும் வழி செய்தார்கள். கம்பெனி ஒத்துக்கொண்டதை மீறினால் பிராண்டு தரும் ஆர்டர் பாதிக்கப்படும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. கிராமத்துப் பெண்களும் ஸ்வீடன் பிராண்டும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியாது என்பதை நான் நம்பவில்லை, உட்காரவைத்துப் பேசினால் புரிகிறது.

உன்னால் முடிந்தது ஒன்று சொல்கிறேன். சொல்லிக்கொடு என்றால், அவர்களுக்கு இருக்கிற உரிமையைச் சொல்லிக்கொடு. சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, பாலியல் தொந்தரவுக்கான உள் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், ஆடிட்டர் தனியாகக் கேட்டால் பதில் சொல்வது அவரவர் விருப்பம் என்று. அதை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது.

காங்கயம்_கிராஸ்:

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. எங்கள் ஃபேக்டரியில் பாதிப் பேருக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். புகார்ப் பெட்டி மேல் ஒட்டியிருப்பது தமிழில், தீயணைப்பு அறிவிப்பு ஆங்கிலத்தில். ஒடியா பேசும் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியபோது எத்தனை பேர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள். கலெக்டரும் போலீஸும் இந்தியில் அறிவிப்பு கொடுத்தார்கள், ஹெல்ப்லைன் போட்டார்கள். ஆனால் எங்கள் தளத்தில் ஆட்களைத் தங்கவைத்தது அந்த அறிவிப்பைவிட, தினமும் அவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்கிற ஒரு லைன் சூப்பர்வைசர். அவருக்கு ஓரளவு ஒடியா தெரியும், யார் எந்த ஜில்லா என்று தெரியும், அவர் சொன்னதை நம்பினார்கள். டோக்கியோவுக்கு மெயில் எழுதக் கற்கிற அக்கறையில் கொஞ்சம் ஹாஸ்டல் பக்கமும் போனால் நல்லது. தாராபுரத்துக்காரிக்கு இந்தி தெரிந்தால் அந்தப் பெண்களிடமும் சம்பளச் சீட்டைப் பற்றிப் பேசுங்கள், அவர்களுக்குத்தான் பிடித்தம் எதற்கு என்று யாரும் சொல்வதில்லை.

ஹம்பர்க்கில்_ஒருவன்:

ஷேடு விஷயத்துக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மெயிலில் இழுத்துக்கொண்டிருக்காமல், உங்கள் டையிங் மாஸ்டரையும் எங்கள் பக்கத் துணி டெக்னீஷியனையும் ஒரே வீடியோ காலில் உட்காரவையுங்கள், நீங்கள் நடுவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லுங்கள். மாஸ்டர் 'இருபதாம் தேதிக்குள் கஷ்டம்' என்றால் கஷ்டம் என்றே சொல்லுங்கள், நீங்களாக மென்மையாக்க வேண்டாம்.

முதலில் எந்த வெளிச்சத்தில் பார்க்கிறார்கள் என்று இரண்டு பேரையும் கேளுங்கள். மாஸ்டர் பட்டறை வாசலில் வெயிலில் பார்த்து ஓகே என்றிருப்பார். நாங்கள் லைட் பாக்ஸில் (விளக்கை மாற்றி மாற்றிக் கலர் பார்க்கிற பெட்டியில்) டிஎல்84 போட்டுப் பார்ப்போம், கடை டியூப்லைட் மாதிரி வெளிச்சம் அது. பகல் வெளிச்சத்துக்கு டி65. ஒன்றில் சேர்கிற கலர் மற்றொன்றில் பிரியும், சில சாயக் கலவைகளில் அது நன்றாகத் தெரியும். உங்கள் லாட் டி65இல் பாஸாகி டிஎல்84இல் மட்டும் விலகுகிறதென்றால் ரெசிபியைக் கொஞ்சம் மாற்றினால் போதுமா, முழுதாக ரீ-டையிங் வேண்டுமா என்று அவர்கள் இருவருமே பேசி முடிவெடுத்துவிடுவார்கள். பிஓவில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) எந்த லைட் முதன்மை என்று எழுதியிருக்கும், வீடியோ காலுக்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.